தாட்சாயிணி சொன்ன ‘மாட்டேன்’

அம்பத்தூர்
12.3.1994

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதீர்கள்.

இங்கே ஒரு சின்னச் சலசலப்பு, கவலைப்பட ஒன்றுமில்லை. நல அதிகாரி என்ற முறையில் எங்கள் கம்பெனிப் பெண்களை மகளிர் தலைமைப் பண்பு மாநாட்டுக்கு அழைத்துப்போனேன். “நாளைக்கே யாரிடமாவது மாட்டேன் என்று சொல்லுங்கள், உலகம் வழிவிடும்” என்றார் ஒரு பேச்சாளர். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அந்த அம்மாளை ஓவர்டைம் பார்க்கச் சொல்ல யாரும் இல்லை.

மறுநாள் தாட்சாயிணி என்பவள், ஓவர்டைம் பார்க்க மாட்டேன் என்று சூப்பர்வைசரிடம் சொன்னாள். அடுத்த மாதம் பணி நிரந்தரம் ஆகவேண்டியவளை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். கம்பெனி கேட்டில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“நீதான மேடம் இட்டுகினு போன? அன்னிக்கு மைக்குல கத்திச்சே அந்தம்மா, இப்ப எங்க கீது? எங்க ஊட்டுக்கு வந்து சோறு போடுமா?”

பேச்சாளருக்குப் போன் செய்து, எங்கள் முதலாளியிடம் ஒரு வார்த்தை பேசும்படி கேட்டேன். “அருமை, அந்தப் பெண்ணை அடுத்த மாநாட்டில் மேடையேற்றலாம்” என்றார். போனை வைத்துவிட்டேன்.

இன்று நானே முதலாளியைப் பார்க்கிறேன். தாட்சாயிணியைத் திரும்ப எடுக்காவிட்டால் நானும் இருக்கமாட்டேன் என்று சொல்லப்போகிறேன். இதையும் அந்த அம்மாள் தன் பேச்சின் பலன் என்பார். அதுதான் பொறுக்கவில்லை.

நார்த்தங்காய் ஊறுகாய் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். விடுதியில் தனியாக உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. பதிலைக் கம்பெனிக்கு எழுதாமல் விடுதிக்கே எழுதுங்கள்.

கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

மகள்
சாராள்