பின் டாங்கில் இருந்த உன் டீசல்

போன ஊரிலும் டீசல் என்ன விலை என்று விசாரித்துக்கொண்டிருக்கும் என் அருமை மச்சானுக்கு,

நாளையோடு உனக்கு ஒரு வருசம் ஆகிறது. உன் தங்கச்சி ராணி படையலுக்காகப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கிறாள். நான் வாசலில் நிற்கும் வேனில், உன் சீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்றைக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை, ஆனாலும் காலையிலிருந்து இங்கேதான் இருக்கிறேன். நீ உட்கார்ந்து உட்கார்ந்து இடப்பக்கம் பள்ளம் விழுந்த சீட்டு இது. என் உடம்பும் இப்போது சரியாக அந்தப் பள்ளத்தில் போய் விழுகிறது.

உனக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். பின் டாங்கைக் கழற்றிவிட்டோம். கோபப்படாதே, முழுசாகக் கேள்.

அதை நீ மாட்டிய கதை ஞாபகம் இருக்கிறதா? வண்டி வாங்கும்போதே பழசு, முன்பக்கம் அதிலிருந்த டாங்க் சின்னது. திங்கட்கிழமை காலை பாப்பாரப்பட்டியிலிருந்து எங்கள் பதினாறு பேரைப் பெங்களூருவுக்குக் கட்டட வேலைக்குக் கொண்டுபோய் விடுவாய், சனிக்கிழமை வந்து கூட்டி வருவாய். பார்டருக்கு அந்தப் பக்கம் டீசல் மலிவு என்று நம் பக்கத்து வண்டிக்காரர்கள் எல்லாருமே திரும்பும்போது அங்கே நிரப்பிக்கொண்டுதான் வருவார்கள். உனக்கு அது பற்றவில்லை. வாரம் முழுக்க இங்கே ஓட்டுகிற கல்யாண டிரிப்புக்கும் கோயில் டிரிப்புக்கும்கூட அந்தப் பக்கத்து டீசல்தான் வேண்டும் உனக்கு.

உடைக்கப் போட்ட மினி லாரியின் டாங்க் ஒன்றை வாங்கி வந்தாய். மூன்று ஞாயிற்றுக்கிழமை மண்ணில் மல்லாந்து கிடந்து, இரும்புப் பட்டை போட்டு, வண்டிக்கு அடியில் பின்பக்கமாகத் தொங்கவிட்டாய். பசு மாட்டுக்கு இரண்டாவது மடி வைத்த மாதிரி இருக்கிறது என்று நான் கிண்டல் செய்தேன்.

"சிரிடா மாப்ளே, சிரி. பார்டர்ல ஒருக்கா ரொப்புனா வாரம் பூரா பங்க் பக்கமே திரும்ப வேணாம்" என்றாய்.

ஒரே பெஞ்சில் படித்தவர்கள் நாம். ராணியை நான் கட்டிய பிறகு சொந்தக்காரர்கள் முன்னால் "வாங்க மாப்ளே" என்பாய், வண்டிக்குள் ஏறியதும் மறுபடி "டா" வந்துவிடும். கல்யாணமே வேண்டாம் என்று கடைசிவரை எங்களோடேயே இருந்துவிட்டாய். இந்த வண்டிதான் உன் குடும்பம் என்று ராணி சொல்லுவாள்.

எந்த டாங்கிலிருந்து எஞ்சினுக்கு டீசல் போக வேண்டும் என்று மாற்றுவதற்கு சீட்டுக்கு அடியில் ஒரு வால்வு வைத்தாய். கூடவே ஒரு சட்டமும் போட்டாய். "முன் டாங்க் பாதிக்குக் கீழ எறங்காம வால்வத் தொடக்கூடாது." ஏன் என்று கேட்டேன். "சொன்னா செய்யி" என்றாய். நான் டைல்ஸ் ஒட்டுகிறவன், வண்டி விஷயத்தில் உன்னோடு எதற்கு வாக்குவாதம் என்று விட்டுவிட்டேன். அப்போதே விடாமல் கேட்டிருக்க வேண்டும்.

கடைசிச் சனிக்கிழமை எங்களைக் கூட்டிக்கொண்டு வரும்போது பார்டரில் இரண்டு டாங்கையும் தளும்பத் தளும்ப நிரப்பினாய். "அடுத்த ஞாயித்துக்கெழம பாப்பாவக் கூட்டிக்கிட்டுத் தீர்த்தமலை போறோம். அதுக்கும் சேத்துத்தான்" என்றாய். ராணி உனக்குக் கடைசிவரை பாப்பாதான். மறுநாள் காலை காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டாய். உன் வண்டியிலேயே உன்னைப் படுக்கவைத்து தர்மபுரிக்கு ஓட்டினேன். பாதி வழியிலேயே ராணி அழ ஆரம்பித்துவிட்டாள். நான் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினேன். திரும்பிப் பார்த்திருந்தால் உன் முகத்தைக் கொஞ்ச நேரம் முன்னாடியே பார்த்திருப்பேன், அவ்வளவுதான்.

அன்றைக்கு ஏறிய சீட்டுதான் மச்சான். இன்னும் இறங்கவில்லை.

காரியம் முடிந்த அடுத்த திங்கட்கிழமை, வேலைக்குப் போகிறவர்கள் வழக்கம்போல வாசலில் வந்து நின்றார்கள். பழக்கம்தான் அவர்களைக் கூட்டி வந்திருக்க வேண்டும். ராணி உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து என் கையில் வைத்தாள். "அண்ணன் வண்டி நிக்கக்கூடாதுங்க" என்றாள். அழுது அழுது வீங்கிய முகம். அந்த முகத்துக்கு யார் மாட்டேன் என்று சொல்ல முடியும்?

ஒரு வாரம் கழித்து, முன் டாங்க் இறங்கியதும் உன் சட்டப்படி வால்வில் கை வைத்தேன். ராணி பக்கத்தில் இருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத மாத்தாதீங்க. அது அண்ணன் போட்ட டீசல்."

அதோடு சரி. வருசம் முழுக்கப் பின் டாங்கில் உன் டீசலைச் சுமந்துகொண்டு, முன் டாங்கை மட்டும் நிரப்பி நிரப்பி ஓட்டினேன். எந்தப் பங்கிலும் நிற்கக்கூடாது என்று இரண்டு டாங்க் வைத்தவன் நீ. அந்த வண்டியை வைத்துக்கொண்டு பார்க்கிற பங்கிலெல்லாம் நின்றவன் நான். வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் பின்னால் அந்தக் கனம் தெரியும். நீ பின்சீட்டில் உட்கார்ந்து என் கியரைக் குறை சொல்லிக்கொண்டு வருகிற மாதிரியே இருக்கும்.

இதுவரை யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். எனக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. என் டைல்ஸ் கட்டரும் மட்டப்பலகையும் கோணியில் கட்டிப் பரணில் கிடக்கின்றன. ஒரு வீட்டில் தரை முடிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒரு நடை நடப்பேனே, காலுக்குக் குளுகுளுவென்று இருக்கும். அன்றைக்குப் பட்ட பாடு அதோடு போய்விடும். ரோட்டில் அப்படி எதுவும் இல்லை. பெங்களூருவில் அவர்கள் இறங்கிச் சாப்பாட்டுத் தூக்கை ஆட்டிக்கொண்டு வேலைக்குப் போவார்கள். நான் கண்ணாடியில் அவர்கள் முதுகைப் பார்த்துவிட்டு, காலி வண்டியைத் திருப்பிக்கொண்டு அதே ரோட்டில் வருவேன். எத்தனையோ தடவை கிருஷ்ணகிரியில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனால் என்றைக்காவது அந்தப் பின் டாங்க் தீரும், தீர்ந்தால் ராணியின் மனசு ஆறும், அப்போது வண்டியை விற்றுவிடலாம் என்று கேட்கலாம் என்று ஒரு நப்பாசை வைத்திருந்தேன். அந்த நாளுக்காகத்தான் காத்திருந்தேன் மச்சான். உன் டீசல் தீர வேண்டும் என்று நினைத்தவன் நான். திட்டுவதென்றால் திட்டிக்கொள்.

போன மாதம், ஓடத் தகுதியான வண்டிதான் என்று சான்று வாங்க, எப்.சி.க்குக் கொண்டுபோனேன். பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"என்னங்க இது, ரெண்டு டாங்க்?"

"மச்சான் வெச்சதுங்க."

"ஆர்.சி. புக்குல இல்லையே. ஆளுங்கள ஏத்தற வண்டி, பின்னாடி ஒருத்தன் வந்து இடிச்சா என்னங்க ஆவறது? கழட்டிட்டு அடுத்த புதன்கிழமை கொண்டாங்க."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் வெளியே வந்தேன். உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

ராணியிடம் சொன்னபோது அவள் சண்டை போடவில்லை. "டாங்கக் கழட்டிக்கட்டும். டீசல கேன்ல புடிச்சு வூட்டுல வெச்சுக்கலாம்" என்றாள். சாமி படத்துக்குக் கீழே வைப்பாளாம். நம் மெக்கானிக் ஷபீர் பாய்தான் அவளைத் திருப்பினார்.

"அடுப்பு எரியற வூட்டுல டீசல வெக்கலாமாம்மா? வருசமாச்சு, இன்னும் வெச்சிருந்தா கெட்டுதான் போவும். பில்டர் மாத்தித் தரேன், ஓட்டித் தீத்துடுங்க. அதுக்குத்தான உங்கண்ணன் ரொப்புனாரு?"

ராணி குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தாள். "தீர்த்தமலைக்குன்னு தான போட்டாரு. அங்க போயி வந்து தீரட்டும்" என்றாள்.

நானும் கணக்காக வேலை செய்தேன். எப்படியும் விற்கப்போகிற வண்டிதானே என்று முன் டாங்கில் அடியில் கொஞ்சம் மட்டும் விட்டு வைத்தேன். சனிக்கிழமை காலை வால்வைப் பின் டாங்குக்குத் திருப்பிப் பெங்களூரு போய் ஆட்களைக் கூட்டி வந்தேன். உன் டீசலில் வண்டி நன்றாகத்தான் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை ராணியும் நானும் மட்டும் தீர்த்தமலைக்குப் போனோம். படி ஏறி, தீர்த்தத்தில் தலை நனைத்துக்கொண்டு, ராணி உனக்கென்று ஒரு கை தண்ணீரைத் தரையில் விட்டாள்.

திரும்பும்போது மொரப்பூர் தாண்டி வண்டி இருமியது. இரண்டு தடவை துள்ளிவிட்டு ஓரமாக நின்றுபோனது. நான் நினைத்ததைவிடச் சீக்கிரம்.

"தீந்துடுச்சுங்களா?" என்றாள் ராணி.

"தீந்துடுச்சு."

அவள் அழவில்லை. சீட்டில் கையை வைத்துக்கொண்டு முன்னால் ரோட்டைப் பார்த்தபடி இருந்தாள். வெயில் கண்ணாடி வழியே அவள் மடியில் விழுந்தது. எனக்கு நாக்கு நுனியில் அந்தக் கேள்வி வந்து நின்றுவிட்டது. வித்துடலாமா என்று ஒரே வார்த்தை. வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று விழுங்கிவிட்டு, வால்வை முன் டாங்குக்குத் திருப்பினேன். குழாயில் காற்று ஏறியிருந்தது, கைப் பம்ப் அடித்துத்தான் எடுக்க வேண்டும். "நான் அடிக்கிறேன்" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே அடித்தாள். முதலில் நுரை வந்தது, அப்புறம் டீசல் வந்தது. வண்டி பிடித்துக்கொண்டது.

ஏறி உட்கார்ந்தவள் டாஷ்போர்டைப் பார்த்தாள்.

"ஏங்க, முன் டாங்க்ல கொஞ்சந்தான் இருக்குதுன்னீங்க? முள்ளு பாதிக்கு மேல நிக்குது."

அந்த முள் முன் டாங்குக்கு மட்டும்தான் என்பதால் இரண்டு நாளாக நான் அதைப் பார்க்கவே இல்லை. கெட்டுப்போயிருக்கும் என்றேன்.

முள் கெடவில்லை. திங்கட்கிழமை ஆட்களை விட்டுவிட்டு வந்து, அப்படியே ஷபீர் பாய் பட்டறைக்கு வண்டியை எடுத்துப்போனேன். ராணியும் வந்தாள். டாங்கைக் கழற்ற அடியில் படுத்த ஷபீர் பாய் சிரிக்க ஆரம்பித்தார்.

"உங்க மச்சான் வேலையப் பாருங்க. எஞ்சின் இழுக்கற டீசல் அத்தனையும் எரியறதில்ல. மிச்சம் இன்னொரு ஹோஸ்ல டாங்குக்கே திரும்பி வரும். இவரு இழுக்கற ஹோஸுக்கு மட்டும் வால்வு வெச்சிருக்காரு. திரும்பற ஹோஸ அப்படியே முன் டாங்க்லயே உட்டுட்டாரு. பின் டாங்க்ல ஓட்ட ஓட்ட மிச்சமெல்லாம் முன்னாடி வந்து ரொம்பியிருக்குது. முன் டாங்க் ரொம்பியிருக்கறப்ப மாத்தியிருந்தா மூடி வழியா ரோட்டுல ஊத்தியிருக்கும்."

உன் சட்டம் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. உன் தப்பு உனக்குத் தெரிந்திருக்கிறது. திருத்த இன்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். நீ திருத்தவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சட்டம் போட்டு, அதை எங்கள் தலையில் கட்டிவிட்டாய். உன்னை நன்றாகத் தெரிந்தும் இதை எப்படி யோசிக்காமல் போனேன்?

ராணி மெதுவாகக் கேட்டாள். "அப்ப அண்ணன் டீசல்?"

"தீரலம்மா. மிச்சம் முன்னாடிதான் இருக்குது."

அவள் பட்டறைத் தரையில், எண்ணெய் மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள், பிறகு அழுதாள். நீ போன நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"இனிமே இந்த டாங்க் காலியாவாமப் பாத்துக்கோங்க. கொஞ்சம் இருக்கறப்பவே மேல ரொப்பிடுங்க. கலந்து கலந்து அண்ணன் அதுலயே இருப்பாரு."

சரி என்றேன். ஒரு வருசமாக நாக்கில் சேர்த்து வைத்திருந்த வார்த்தை, அந்த இடத்திலேயே தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

புதன்கிழமை எப்.சி. கிடைத்துவிட்டது. பிரேக் இன்ஸ்பெக்டர் "இப்ப சரிங்க" என்று கையெழுத்துப் போட்டார். காலி டாங்க் கொல்லையில் கிடக்கிறது, கோழி ஏறி உட்கார்ந்துகொள்கிறது. வண்டியின் பின்பக்கம் லேசாகிவிட்டது, வேகத்தடையில் துள்ளுகிறது. கனம் எல்லாம் முன்னால் வந்து என் காலடியில் இருக்கிறது.

இதையெல்லாம் தெரிந்துதான் செய்தாயா? இல்லை, தெரிந்திருக்காது. ஹோஸ் வாங்கச் சோம்பல்பட்டிருப்பாய். உன் சோம்பல் என்னை இங்கே பிடித்து உட்காரவைத்திருக்கிறது. கோபம் வருகிறது. ராணி உள்ளே ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் துலக்குவது கேட்கிறது, கோபமும் போய்விடுகிறது. நீ இருந்தால் உன்னிடமே சொல்லியிருப்பேன். நீயும் "பாப்பா, மாப்ள டைல்ஸ் ஒட்டப் போவட்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பாய். அவள் கேட்கிறது உன் பேச்சை மட்டும்தான். அதைச் சொல்ல இப்போது ஆள் இல்லை.

நாளைக்கு உனக்குப் படையல். திங்கட்கிழமை காலை ஆட்கள் ஏறுவார்கள். திரும்பும்போது பார்டரில் நிரப்பிக்கொள்கிறேன். முள் கால் டாங்குக்குக் கீழே ஒரு நாளும் இறங்காது மச்சான், இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு. அந்த டாங்க் காலியாகாத வரைக்கும் நானும் இந்த சீட்டை விட்டு இறங்க முடியாது என்று தெரிந்தேதான் கொடுக்கிறேன்.

உன் தங்கச்சியைக் கட்டியவன்,
உன் சீட்டுப் பள்ளத்தில் உட்கார்ந்திருப்பவன்,
உன் மாப்ளே