காதை மூடிய தொப்பி

ஐப்பசி, ஞாயிறு.

இன்று தங்கை லில்லியுடன் மருந்துவாழ்மலை ஏறினேன். காலையில் சுள்ளென்று வெயில். அவள் அகலமான துணித்தொப்பி வைத்திருந்தாள். தாடையில் கட்ட அதில் கயிறு கிடையாது.

"மழை வந்தா என்னட்டி செய்வ?" என்று கேட்டேன்.

"வெயிலுக்குத்தானக்கா தொப்பி" என்று சிரித்தாள்.

நான் ரெயின்கோட்டை எடுத்துக்கொண்டேன்.

இறங்கும்போது பாதி வழியில் காற்றும் மழையும் ஒன்றாக வந்தன. கோட்டோடு இருந்த தொப்பியைத் தலைக்கு மேல் இழுத்து, கழுத்தில் இறுக்கிக் கட்டினேன். அதன்மேல் விழுந்த மழையின் சடசடப்பைத் தவிர எதுவும் கேட்கவில்லை. லில்லி பின்னால் வருகிறாள் என்றே நினைத்து நடந்தேன்.

ஒரு வளைவில் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். தொப்பியைப் பிடுங்கித் தள்ளினேன். அப்போதுதான் "யக்கா" என்ற குரல் கேட்டது.

மேலே ஓடினேன். காற்றில் பறந்த தன் தொப்பியைப் பிடிக்கப்போய் வழுக்கி, பாறைச் சரிவில் ஒரு புதரைப் பற்றிக்கொண்டு கிடந்தாள். அவள் காலுக்குக் கீழே வெறும் பள்ளம்.

"ஏட்டி, கைய விட்டுராத!"

குப்புறப் படுத்து, மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். எப்படி மேலே வந்தாள் என்று தெரியவில்லை. மழையிலேயே இருவரும் உட்கார்ந்துவிட்டோம்.

"எவ்வளவு நேரமாட்டி கூப்பிட்ட?" என்று கேட்டேன்.

"நீ திரும்பாம போய்க்கிட்டே இருந்தக்கா. பொறவு ஒன்னக் காணல்ல."

அம்மாவிடம் வழுக்கி விழுந்ததாக மட்டும் சொன்னோம். லில்லி தூங்கிவிட்டாள். எனக்கு விளக்கை அணைக்கப் பயமாக இருக்கிறது. அந்த வளைவில் திரும்பிப் பார்க்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. சும்மாதான் திரும்பினேன். சும்மா.