கடைசி ரீல் வராத படம்

புக்கிட் காத்தில், மலாக்கா
நவம்பர் 9

அன்பு மகள் ஷெர்லீனுக்கு,

அப்பா எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு என்னவோ ஏதோ என்று பதறிவிடாதே, ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆக்லாந்தில் நீயும் கவிநேசனும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் உங்கள் பேரைச் சொல்கிறோம், அம்மா வாய்விட்டுச் சொல்வாள், நான் மனதுக்குள் சொல்வேன். அம்மாவுக்கு முட்டிவலி, ஆனாலும் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகாமல் இருக்க மாட்டாள். உன் அண்ணன் கிளைவுக்கு அந்தப் பத்து பெரண்டாம் ஊர் ஃபேக்டரியில் மறுபடி நைட் ஷிப்டு, கண்ணெல்லாம் சிவந்து வந்து நிற்கிறான், வேறு வேலை பார் என்றால் கேட்டால்தானே. போனில் பேசலாமே என்று நினைப்பாய். இரண்டு வருடமாக உன்னோடு பேசாத வாய் இது, போனை எடுத்தால் அம்மாவிடம் கொடுக்கிறேன் என்றுதான் சொல்லும். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கரண்டு போனால் ஒரு படக்கதை சொல்வேனே, ஞாபகம் இருக்கிறதா? மகன் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொள்வான், அப்பா நீ என் பிள்ளையே இல்லை என்று விரட்டிவிடுவார், பல வருடம் கழித்து அவன் மழையில் நனைந்தபடி வீட்டு வாசலில் வந்து நிற்பான், அப்பா எழுந்து வந்து கதவைத் திறப்பார். அந்த இடத்தில் நீ ஒவ்வொரு தடவையும் கை தட்டுவாய். ஒரு விஷயத்தை மட்டும் உங்களிடம் சொன்னதே இல்லை, அப்பா கதவைத் திறந்ததை நான் பார்க்கவில்லை. அப்போது எனக்குப் பதினேழு வயது, நியாலாஸ் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். மாதம் ஒரு படம் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டுவார்கள். இரண்டு தோட்டத்துக்கும் சேர்த்து ஒரே படப்பெட்டிதான், பக்கத்துத் தோட்டத்தில் ஒரு ரீல் ஓடி முடிந்ததும் மோட்டார் சைக்கிளில் எங்களுக்குக் கொண்டு வருவார்கள். அன்றைக்கு அப்பா எழுந்து வந்து தாழ்ப்பாளில் கை வைத்ததோடு ரீல் முடிந்தது. கடைசி ரீல் கொண்டுவந்த வண்டி செம்மண் சேற்றில் சிக்கிக்கொண்டது, வெகுநேரம் காத்திருந்து லயத்து வீடுகளுக்குத் திரும்பிவிட்டோம்.

மறுநாள் பால் ஸ்டோரில் வாளியோடு நிற்கும்போது எல்லோருக்கும் அதே பேச்சு. என் மர நிரைக்குப் பக்கத்து நிரையில் வெட்டும் கருப்பாயி அக்கா, "தாப்பாள்ல கைய வச்சவன் தொறக்காம போவானா லா, பெத்த அப்பன்யா அவன்" என்று ஒரே போடாகப் போட்டார். அதோடு தீர்ப்பு ஆகிவிட்டது. பக்கத்துத் தோட்டத்தில் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும், ஆனால் பந்து விளையாட்டில் அவர்களிடம் தோற்றிருந்தோம், அவர்களிடம் போய்க் கேட்பதா என்ற வீம்பு. அந்த முடிவைத்தான் ஐம்பது வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

போன மாதம் கிளைவ் இணையத்தில் எங்கேயோ தேடி அந்தப் படத்தை டிவியில் போட்டான். எனக்கு ஒரே குஷி, அடுத்து என்ன வரும் என்று அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தேன், அவளுக்கு எரிச்சல். கடைசியில் அந்த அப்பா தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துவிட்டார். திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மகன் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான், அடுத்த காட்சியில் அப்பாவுக்கு மாலை போட்டுக் கிடத்தியிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது, இது என்ன மனுஷன் என்று திட்டினேன். அம்மா டிவியை அணைத்துவிட்டு, "இத நாம ஏற்கெனவே பாத்தாச்சு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஷெர்லீன், முந்தின கிறிஸ்மஸுக்கு முந்தின கிறிஸ்மஸ், நீயும் கவிநேசனும் கேக் பெட்டியோடு கேட்டுக்கு வெளியே நின்றீர்கள். அம்மா சாவியைக் கேட்டு அழுதாள். நான் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அறையில் உட்கார்ந்திருந்தேன். கோயிலில் சாமியார் வைத்து மந்திரிக்காமல் பதிவு ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டாய், வேறு மதத்துப் பையன், ஊர் என்ன சொல்லும் என்று என் புத்தி ஓடியது. நீ என்னைக் கூப்பிட்டதும் கேட்டது, கார் கிளம்பிய சத்தமும் கேட்டது. டிவி பார்த்த அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. அவ்வளவு தூரத்திலிருந்து எந்த நம்பிக்கையில் வந்திருப்பாய்? நான் சொன்ன கதையை நம்பித்தானே வந்திருப்பாய்.

போன வாரம் கிளைவின் பிள்ளைகளோடு புதுப்படம் ஒன்றுக்குப் போனேன். காது கிழிகிற சத்தம், ஆனாலும் ஒரு இடத்தில் அப்பா மகளிடம், தப்பு என்னுடையது என்று சொல்லித் தலைகுனிந்து நின்றார், பிள்ளைகள் விசில் அடித்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. எங்கள் காலத்துப் படங்களில் அப்பாக்கள் மன்னிப்பார்கள், மன்னிப்புக் கேட்க மாட்டார்கள். அதைப் பார்த்துத்தான் நாங்கள் வளர்ந்தோம், அம்மாக்களுக்காக அழுதோம், அப்பாக்களைப் போல நடந்துகொண்டோம். நானும் உன்னை மன்னிப்பதாக நினைத்துத்தான் முதலில் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன், நாலு தாளைக் கிழித்துப் போட்டேன். மன்னிக்க நீ என்ன தப்பு செய்தாய்? தப்பு என்னுடையது மகளே, அப்பாவை மன்னித்துவிடு.

இந்தக் கிறிஸ்மஸுக்கு இரண்டு பேரும் வாருங்கள். மாப்பிள்ளை பூசைக்கு வந்தாலும் சரி, வீட்டில் இருந்தாலும் சரி, அது அவர் இஷ்டம். அவருக்கு என்ன பிடிக்கும் என்று அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது, எழுது. நேரத்துக்குச் சாப்பிடு, ஆஸ்பத்திரி வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. மாதா உங்கள் இருவரையும் தன் முந்தானையில் வைத்துக் காக்கட்டும், பிள்ளை குட்டியோடு நீடூழி வாழுங்கள்.

ஒன்றை மறந்துவிடாதே. டிக்கெட் போட்டதும் தேதியை அம்மா மூலமாகச் சொல்லி அனுப்பாதே. என் நம்பருக்கே கூப்பிடு, நான் எடுப்பேன்.

உன் அப்பா,
செலஸ்டின்