சத்தம் கேட்டால் கூப்பிடுவது
செவ்வாய்க்கிழமை, நீலசந்திரா, பெங்களூரு

இந்த வயதில் எழுதக் கற்றுக்கொண்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் இன்று எழுத வேண்டியது வேறு.

காலையில் குக்கர் மூடி கீழே விழுந்தது. பேத்தி மீனா ஓடி வந்து, "அம்மா இருக்கியா? தாத்தா இருக்கியா?" என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். எல்லோரும் பதில் சொன்ன பிறகும் மறுபடி முதலிலிருந்து கூப்பிட்டாள்.

நான் வேலை பார்த்த கோலார் தங்கச் சுரங்கத்தில் பாறை வெடித்தால், யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று அறிய இருட்டில் அப்படித்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். ஒருமுறை என்னோடு வேலை செய்த அந்தோணி பதில் சொல்லவில்லை. சுரங்கத்தை மூடி இத்தனை வருடமாகியும், எங்கே சத்தம் கேட்டாலும் வீட்டில் இருப்பவர்களை நான் கூப்பிடுகிறேன்.

"உங்களப் பார்த்துதான்பா அவளும் பயப்படுறா," என்றாள் மகள். "டாக்டர்கிட்ட வாங்கன்னா, எனக்கென்ன பைத்தியமான்னு கேக்குறீங்க."

"நாளைக்கே போலாம்மா," என்றேன்.

சாயங்காலம் தெருவில் லாரியின் பின்கதவு தடாலென்று விழுந்தது. மீனா என் முகத்தைப் பார்த்தாள். தொண்டை வரை வந்த பெயர்களை விழுங்கிக்கொண்டு, "லாரிதான் கண்ணு," என்றேன். அவள் மறுபடியும் படம் வரையப் போய்விட்டாள்.

என் கை மட்டும் லுங்கி மடிப்புக்குள் வெகுநேரம் நடுங்கியது. டாக்டரிடம் முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும்.