ஊஷ் என்றால் என்ன

சிவாஜிநகர், பெங்களூர்

அன்புள்ள அம்சவேணிக்கு,

நான் நலம். நீயும் தர்ஷினியும் நலமா? அம்மாவுக்குக் கால் வீக்கம் குறைந்ததா? போனில் பேசினால் என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்து தர்ஷினி கேட்ட இங்கிலீஷ் வார்த்தைகளுக்கு அர்த்தம் சொல்லிவிடு. ஜூம் என்றால் வண்டி சீறிக் கிளம்பும் சத்தம். ஊஷ் என்றால் அது நம்மைத் தாண்டும்போது முகத்தில் அடிக்கும் காற்று. வீட்டுக்கே மளிகை கொண்டுபோகிறவர்களின் சட்டை முதுகில் இதெல்லாம் எழுதியிருக்கிறது. நம் மளிகைக் கடையைத் தாண்டித்தான் போகிறார்கள்.

நம் கடையில் வாடிக்கையாக வாங்கும் காக்ஸ் டவுன் எலிசபெத் அக்காவிடம், "இனிமே நானே ஊஷ்னு கொண்டாந்து குடுக்கிறேன்க்கா" என்று வீம்பாகச் சொன்னேன். முட்டையோடு வண்டியில் போனவன் திருப்பத்தில் சறுக்கிவிட்டேன். முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். நொண்டிக்கொண்டு போய் நின்றால், "என்னா கோதண்டம், ஊஷ்னு வரேன்னுட்டு டமால்னு வந்திருக்கே!" என்று சிரித்தார். நான் தாமதித்ததால் அந்தச் சட்டைக்காரர்களிடமே முட்டை வாங்கிவிட்டாராம். காயத்துக்கு மருந்து போட்டுவிட்டார், நல்ல மனுஷி.

வியாபாரம் தெரிந்தவன் நான், என்னையே ஏமாற்றிக்கொள்ள மாட்டேன். இந்த ஓட்டத்தில் நமக்கு இடமில்லை. இந்த மாதத்தோடு கடையை விடுகிறேன். பிறகு யார் கடையிலாவது கூலிக்கு நிற்க வேண்டியதுதான்.

ஊரிலிருந்து யாராவது வந்தால் தைலம் கொடுத்தனுப்பு. தர்ஷினி அந்த வார்த்தைகளை வாசிப்பதைப் போனில் பதிவு செய்து அனுப்பு, கடையில் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன்.

யாரோ வந்து நிற்கிறார், முடிக்கிறேன். இங்கே கூட்டிவந்து சேர்க்கலாம் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு டி.சி. கேட்டிருந்தாயே, வேண்டாம் என்று சொல்லிவிடு.

கோதண்டராமன்