தீனா என்று ஒரு ஃபோல்டர்

காலடிப்பேட்டை, திருவொற்றியூர்
3.6.1999

தீனதயாளன் அவர்களுக்கு,

அன்புக்கரசி எழுதுவது. மூன்று வருஷமாக ஒரு வரி எழுதாதவள் எழுதுகிறாள் என்றால் ஏதோ காரியம் என்று நினைப்பீர்கள். காரியம்தான். விலாசம் தந்தது உங்கள் சிநேகிதர் வால்டர் அண்ணன். அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மூடிப்போன வார்ப்படக் கம்பெனி ஆட்கள் நாற்பத்தொரு பேர் கேஸ் போட்டிருக்கிறார்கள். எத்தனை வருஷம் உழைத்தார்கள், எங்கே அடிபட்டார்கள் என்று ஒவ்வொருவரும் நம் முன்னறையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நம் பழைய கம்ப்யூட்டரில் நேராக அடித்தேன். காகிதத்தில் ஒன்றும் கிடையாது. பிரிண்ட் எடுக்கப் போனால் இரண்டாம் பக்கத்தில் மிஷின் நின்றுவிடும். அதனால் கையில் இருந்த பணத்தைக் கொண்டு அதைப் புதுப்பிக்கத் துணிந்தேன். வண்ணாரப்பேட்டை தௌசீஃப் மதர்போர்டு, மெமரி, ஹார்ட் டிஸ்க் எல்லாம் மாற்றினான். பழைய ஹார்ட் டிஸ்கையும் கீபோர்டையும் எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால்தான் கட்டுப்படியாகும் என்றான், கொடுத்தேன். ஃபைல்களை மட்டும் ஃப்ளாப்பியில் எடுத்துப் புதியதில் போட்டான்.

திறந்தால் தமிழே இல்லை. இங்கிலீஷ் எழுத்தும் கோடும் புள்ளியுமாக வருகிறது. நீங்கள் வரைந்த தமிழ் எழுத்து ஃபாண்டை எடுக்க தௌசீஃப் மறந்துவிட்டான். "அக்கா, அது கடைல கெடைக்காது. வரைஞ்சவராண்டதான் கேக்கணும்" என்கிறான்.

ஜூன் முப்பதுக்குள் கோர்ட்டில் கொடுக்க வேண்டும். சொன்னவர்களில் மூன்று பேர் செத்துப்போனார்கள். பாதிப் பேர் பிழைப்புக்கு எங்கெங்கோ போய்விட்டார்கள். உங்களிடம் ஃபாண்ட் இருந்தால் உடனே அனுப்பவும்.

இப்படிக்கு
அன்புக்கரசி


சிவகாசி
9.6.1999

அன்புள்ள அரசிக்கு,

உன் கையெழுத்தைக் கவரில் பார்த்ததும் பிரிக்கப் பயமாக இருந்தது. யாருக்கு என்ன ஆனதோ என்று.

இங்கே காலண்டர் அச்சகத்தில் வேலை. அடுத்த வருஷத்துத் தேதிகளை இப்போதே வரைந்துகொண்டிருக்கிறேன். ஃபாண்ட் ஒரே ஒரு ஃப்ளாப்பியில் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது. அட்டை வைத்துத் தைத்து இதோடு அனுப்புகிறேன்.

தௌசீஃப் மறந்தான் என்கிறாய். அவன் கைதேர்ந்தவன், மறக்கிற ஆளில்லை. அந்த ஃபாண்ட் என் பெயர் போட்ட ஃபோல்டரில் இருந்தது. சரி, விடு.

எட்டு மாதமாகக் குடிப்பதில்லை. நீ கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன்.

உன்
தீனா


காலடிப்பேட்டை
15.6.1999

உங்களுக்கு,

ஃப்ளாப்பி வந்தது. அட்டை மேலேயே தபால் முத்திரையை ஓங்கிக் குத்தியிருக்கிறார்கள். நடுவில் குழி விழுந்திருக்கிறது. தௌசீஃப் நான்கு மிஷினில் போட்டுப் பார்த்துவிட்டான். எதிலும் படிக்கவில்லை.

இனிமேல் பொய் எதற்கு? அவன் மறக்கவில்லை. "அக்கா, தீனான்னு ஒரு ஃபோல்டர் கீது, வேணுமா?" என்று கேட்டான். "அந்தப் பேர்ல இந்த வூட்ல ஒண்ணும் வாணாம், வுட்டுடு" என்று சொன்னது நான். உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்துகூடப் பார்க்கவில்லை. பழைய டிஸ்கை அவன் அழித்து மாதவரத்தில் ஒரு பிரௌசிங் சென்டருக்கு விற்றுவிட்டான்.

செத்த மூவரில் கிருஷ்ணப்பன் ஒருவர். அவர் சம்சாரம் பட்டம்மாள் தினமும் வந்து கம்ப்யூட்டர் எதிரே உட்கார்ந்துவிடுகிறாள். "அவரு பேசினது இதுக்குள்ளதான கீது? ஒரு வாட்டி படிச்சிக் காட்டும்மா" என்கிறாள். நாளைக்கு என்று சொல்லி அனுப்புகிறேன். சங்கச் செயலாளர் தேசப்பன் ஐயா ஒன்றும் திட்டவில்லை. திட்டினால்கூடத் தேவலாம்.

உங்கள் மேல் இருந்த ஆத்திரத்தில் நாற்பத்தொரு குடும்பத்தின் வாயில் மண்ணைப் போட்டுவிட்டேன். வேறு பிரதி எங்காவது இருக்கிறதா? காலில் விழுந்து கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புக்கரசி


சிவகாசி
19.6.1999

அரசி,

வேறு பிரதி இல்லை. எந்த விசையில் எந்த எழுத்தை வைத்தேன் என்பதும் எனக்கு மறந்துவிட்டது. வரைந்தவன்தான் நான், அடித்தவள் நீ. நாலு வருஷம் ராப்பகலாக அடித்த கை உன்னுடையது.

அதனால் இப்படிச் செய். திரையில் இருக்கிற இங்கிலீஷ் எழுத்துகள் நீ அன்றைக்கு அழுத்திய விசைகள்தான். அவற்றை யாராவது ஒவ்வொன்றாக வாசிக்கட்டும். நீ திரையைப் பார்க்காமல் அந்த விசைகளை அழுத்து. கண்ணை மூடிக்கொள். என்ன எழுத்து என்று உன் விரல் சொல்லும். முதலில் தடுமாறும், விட்டுவிடாதே.

நம்பிக்கை வராவிட்டால் ஒன்று பார். அந்த ஃபைல்களில் எங்கே தேடினாலும் ஏ, க்யூ, இசட் மூன்றும் இருக்காது. அவை இடது கைச் சுண்டுவிரலால் அழுத்துகிற விசைகள். அன்றைக்கு நான் குடித்துவிட்டுக் கதவை அறைந்ததில் நசுங்கிய உன் விரல். அதற்கப்புறம்தான் அந்த ஃபாண்டை வரைய உட்கார்ந்தேன். அந்த விரலுக்கு ஒரு வேலையும் வைக்கக் கூடாது என்றுதான் அத்தனை மாதம் ஆனது. 'எழுத்த வரைஞ்சா சோறு வருமா' என்று நீ கேட்டாய். எந்த வாயால் சொல்வேன் என்று சும்மா இருந்துவிட்டேன்.

தீனா


காலடிப்பேட்டை
2.7.1999

ஏங்க,

முப்பதாம் தேதி மத்தியானம் கோர்ட்டில் கொடுத்தாயிற்று. நாற்பத்தொன்றும்.

உங்கள் கடிதம் வந்த அன்று ஃபைல் ஃபைலாகத் தேடினேன். ஏ இல்லை, க்யூ இல்லை, இசட் இல்லை. பட்டம்மாள் இருக்கிறாள் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன்.

தேசப்பன் ஐயா வாசித்தார், நான் அழுத்திச் சொன்னேன், வால்டர் அண்ணன் எழுதிக்கொண்டார். முதல் நாள் ஒன்பது வரிதான் வந்தது. நான்காம் நாள் ஐயா வாசிக்கும் வேகம் எனக்குப் போதவில்லை. கிருஷ்ணப்பன் சொன்னதில் ஓர் இடம் வந்தது: "இருவத்தாறு வருசம் உலையாண்டயே நின்னேன். எம் பொஞ்சாதி மூஞ்சிய பகல்ல பாத்தது ஞாயித்துக்கெழமதான்." பட்டம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "அவரேதான்" என்றாள்.

கதவை நான் மறக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிரிண்ட் எடுக்க, கடையில் ஒரு ஃபாண்ட் வாங்கி எல்லாவற்றையும் மறுபடி அடித்தேன். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் 'ய' சுண்டுவிரலில் வருகிறது. ஒவ்வொரு 'ய'வுக்கும் விரல் விண்ணென்று தெறித்தது. உங்கள் ஃபாண்டில் நாலு வருஷம் அடித்தேனே, ஒரு நாள்கூட வலித்ததில்லை. ஏன் என்று நான் யோசித்ததும் இல்லை.

அதை மறுபடி வரைய வேண்டும். வரைந்து தபாலில் அனுப்ப வேண்டாம். கையோடு எடுத்துக்கொண்டு வாருங்கள்.

அரசி