பள்ளத்தெருவைப் பற்றி நான் எழுதிய வரி

நவ. 11, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயல. நாளைக்கு வகுப்பு: கிராமத்துக் கதைகளில் நிலம் மனிதர்களை எப்படி ஆக்குது. குறிப்பு எடுக்கணும். மாவு, தயிர், பி.பி. மாத்திரை.

மதியம் ஊரிலிருந்து அண்ணன் போன். அவர் பொண்ணு செல்விக்குப் பேசின சம்பந்தம் நின்னுடுச்சாம். தவளக்குப்பத்து மாப்பிள்ளை. அவனோட அக்கா என் நாவலைப் படிச்சிருக்கா. அதில் வரது ஏரிக்கரைக்குக் கீழே இருக்கிற எங்க பள்ளத்தெரு. பேரைக்கூட மாத்தாம போட்டிருந்தேன். "பள்ளத்தில் பிறந்தவர்களுக்கு மனசும் பள்ளம்." அந்த வரியைக் காட்டித்தான் வேணாம்னாங்களாம். வெளியீட்டு விழாவில் கை தட்டினாங்களே, அதே வரி.

அண்ணன் திட்டல. "நீ எதுனா பேசிப் பாரேம்மா"ன்னார். திட்டியிருக்கலாம்.

குறிப்பு எடுக்கல.

நவ. 13, வியாழன்

நேத்து வகுப்பில் என்ன பேசினேன்னு ஞாபகம் இல்ல. இன்னிக்கு லீவு. தவளக்குப்பம் போனேன். பஸ்ஸில் நின்னுக்கிட்டே. பையனோட அம்மா காபி கொடுத்தாங்க. மரியாதையாத்தான் பேசினாங்க.

"அப்போ நீங்க எழுதினது பொய்யா?"

"கதைங்க. எல்லாம் கற்பனை."

"மழைக்கு வீட்டுக்குள்ள தண்ணி வரதும் கற்பனைதானா?"

"எப்பவோ வந்ததுங்க. இப்ப இல்ல."

"நீங்களும் அந்தத் தெருதானே?"

"நான் ரொம்ப வருஷமா டவுன்லங்க."

ஆமான்னு ஒரு வார்த்தை போதும், நான் சொன்னது வேற. பஸ்ஸில் திரும்பும்போது முகத்தை ஜன்னல் பக்கம் வெச்சுக்கிட்டேன்.

நவ. 14, வெள்ளி

இங்க டவுன் பக்கத்துல இருக்கிற மேட்டுப்பாளையம் கம்பெனியில ஷிப்ட் முடிச்சு செல்வி நேரா இங்க வந்தா. யூனிபார்ம் கூட மாத்தல.

"மாப்பிள்ளை வீட்ல மறுபடி பேச வந்தாங்க, அத்தை. எல்லாம் பொய்யின்னு நீங்க ஒத்துக்கிட்டீங்களாமே."

சந்தோஷப்படறதா வேணாமான்னு தெரியாம நின்னேன்.

"நான்தான் வேணாம்னுட்டேன். தண்ணி வரும்போது எங்கப்பாவைப் பாக்க வரவே கூச்சப்படுவாங்க. அங்க போயி நான் என்ன பண்ண?"

"அடுத்த பதிப்புல அந்த வரியை எடுத்துடறேன் செல்வி."

"எடுங்க, எடுக்காம போங்க. போன மழைக்கு கட்டில் மேல அடுப்பை வெச்சு மூணு வீட்டுக்கும் அம்மாதான் சமைச்சாங்க. நீங்க வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

தோசை ஊத்தறேன்னேன். பசிக்கலன்னு கிளம்பிட்டா.

நவ. 16, ஞாயிறு

விடாம மழை. அண்ணனுக்கு போன் போட்டேன். தண்ணி வாசப்படி வரைக்கும் வந்துடுச்சாம். "பாத்து இருண்ணா"ன்னு சொல்லி வெச்சேன். வெச்சப்புறம் உக்கார முடியல. மாத்துப் புடவை, டார்ச், ரெண்டு பாக்கெட் ரொட்டி. ஊருக்குப் போற பாகூர் பஸ் பிடிச்சேன்.

தெருமுனையில முழங்கால் தண்ணி. புடவையைத் தூக்கிச் சொருகிட்டு இறங்கினேன். அண்ணி தூரத்திலேயே பாத்துட்டு, "மழையில ஏம்மா வந்த?"ன்னாங்க. எதுத்த வீட்டு அக்கா, இடுப்பில் பேரப்பிள்ளையோட, சிரிச்ச முகமாத்தான் கேட்டாங்க:

"என்னா, எழுதறதுக்கு வந்தியா?"

ரொட்டிப் பாக்கெட்டை எடுத்து பேரப்பிள்ளை கையில கொடுத்தேன்.